தப்பை ஒத்துக்கிட்டா அவமானமா?



போன வாரம் மத்தியானம் சாப்பிடும்போது எங்க வகுப்பில் ஒரு சண்டை. ஒரு கம்பெனி, தான் விற்ற கார்களில் கோளாறு இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறதாம். ஒருத்தி பேப்பரில் பார்த்துவிட்டுச் சொன்னாள். உடனே இன்னொருத்தி, "வித்த வண்டியைத் திரும்பக் கூப்பிடறது எவ்ளோ அசிங்கம்! எங்க அப்பா கம்பெனியில அப்படி நடந்தா நான் வெளியவே சொல்ல மாட்டேன்" என்றாள். நிறைய பேர் அவள் பக்கம். எங்க வகுப்பில் பல பேருடைய அப்பாவோ அம்மாவோ அக்காவோ கார் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இல்லையென்றால் கார் கம்பெனிக்குப் பாகம் செய்யும் கம்பெனியில். அதனால் அவளுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் என் கருத்து வேறு. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில், திரும்ப அழைப்பது என்றால் என்ன? ஒரே மாதிரி செய்த ஆயிரக்கணக்கான வண்டியில் ஒரு பாகம் சரியில்லை என்று பின்னால் தெரியவரும். கம்பெனி அந்த வண்டி வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பும். அவர்கள் வண்டியைக் கொண்டு வந்தால் காசு வாங்காமல் சரி செய்து தரும். அவ்வளவுதான்! இது நம்ம ஊர்ப் பக்கமும் நடந்திருக்கிறது. ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ரா, சன்னி கார்களை 2013-ல் பிரேக் பாகத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். இந்தியாவில் மட்டும் 22 ஆயிரத்துக்கும் மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் 2024-ல் கிரெட்டா, வெர்னா கார்களில் 7,698 கார்களை அழைத்தது. அதனால் அந்தக் கம்பெனிகள் மூடிப் போய்விட்டனவா? இல்லையே!

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. கம்பெனி தானாகச் செய்யாமல் அரசு உத்தரவு போட்டுச் செய்ய வைத்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அப்படியென்றால் சட்டமே என்ன சொல்கிறது? நீயாக ஒத்துக்கொண்டால் மரியாதை, மறைத்தால்தான் தண்டனை.

இப்போது பள்ளிப் பேருந்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து நின்றதும் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரியும். பக்கத்தில் 'நில்' என்ற பலகை ஒரு கை மாதிரி நீளும். அதைப் பார்த்து மற்ற வண்டிகள் நிற்க வேண்டும். பிள்ளைகள் அதை நம்பித்தான் ரோட்டைக் கடப்பார்கள். அந்த விளக்கோ பலகையோ சரியாக வேலை செய்யாது என்று தெரிந்தால் கம்பெனிகள் பேருந்தைத் திரும்ப அழைத்துச் சரி செய்து தர வேண்டும். "ஒரு லைட்டு எரியலன்னா இவ்ளோ பெரிய விஷயமா? வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன வருஷம் ஐப்பசி வரைக்கும்.

நானும் தம்பியும் வருகிற வேன் எங்க தெரு முனையில்தான் பின்னால் வந்து திரும்பும். அப்போது பீப் பீப் என்று ரிவர்ஸ் ஹாரன் அடிக்கும். அன்று மழை. தம்பியுடைய சாப்பாட்டுப் பை சேற்றில் விழுந்துவிட்டது. அவன் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். வேன் அவனுக்குப் பின்னாடி இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் வரவில்லையே, வண்டி நகராது என்று நின்றேன். வண்டி நகர்ந்தது! நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன் எல்லாம் தெறித்தது. பை மட்டும் டயரில் நசுங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.

வேன் அண்ணன் கெட்டவர் இல்லை. இறங்கி ஓடி வந்தார். கை நடுங்கியது அவருக்கு. "காலையில சத்தம் போடுதுன்னு தெருவுல திட்டறாங்கம்மா, அதான் வயரைக் கழட்டி விட்டேன்" என்றார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஹாரனே இல்லாத மாட்டு வண்டி என்றால் நான் திரும்பிப் பார்த்திருப்பேன். ஹாரன் அடிக்கும் என்று நம்பினதால்தான் பார்க்கவில்லை. எச்சரிக்கும் கருவி கெட்டுப்போனால், அது இல்லாததைவிட ஆபத்து. ஏனென்றால் நாம் அதை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் வீட்டில் இரண்டு வாரம் சொல்லவில்லை. சொன்னால் வேனை நிறுத்திவிடுவார்கள். அம்மா ஷிப்ட் முடிந்து வரவே எட்டு மணி ஆகும். டிரெய்லர் லாரி போகிற ரோட்டில் தம்பியைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது. அப்புறம் என் படிப்பு என்ன ஆகும் என்று பயந்தேன். பையை நாய் இழுத்துக்கொண்டு போனது என்று பொய் சொன்னேன். அந்த இரண்டு வாரமும் அதே வேனில்தான் பன்னிரண்டு பேர் வந்தோம். கோளாறு தெரிந்தும் மறைக்கிற கம்பெனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? யோசித்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் சொன்னேன். அம்மா திட்டவில்லை. மற்ற அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போய் வேன் அண்ணனிடம் பேசினார்கள். அவர் வயரை மாட்டினார். தெருவில் திரும்பாமல் கோயில் மைதானத்தில் போய்த் திரும்புகிறார். வேன் நிற்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

நம் மாநிலத்தில் நடந்ததையும் பாருங்கள். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்து போனாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது! உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளிக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் இறந்தான். அந்த வருஷம்தான் பள்ளி வண்டிகளில் முன்னும் பின்னும் கேமராவும், சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். இரண்டு முறையும் ஒரு உயிர் போன பிறகுதான் விதி வந்தது. வண்டியைத் திரும்ப அழைப்பது உயிர் போவதற்கு முன்னால் செய்கிற வேலை. அதை எப்படி அசிங்கம் என்று சொல்வது?

ஆனால் ஒன்று. அந்த 2021 விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பள்ளி திறப்பதற்கு முன்னால் மே மாதம் அதிகாரிகள் மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை நிறுத்திப் பார்ப்பார்கள். நாம் பணம் போட்டு வருகிற பழைய வேனும் ஷேர் ஆட்டோவும் அந்த வரிசையில் நிற்பதில்லை. அதை எந்தக் கம்பெனியும் கடிதம் போட்டுக் கூப்பிடப் போவதில்லை. நாம்தான் கூப்பிட வேண்டும்.

அதனால் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, ஆசிரியர்களுக்கு. தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். திங்கட்கிழமை அவரவர் வண்டியில் பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதுவோம். எழுதுகிறவர் பெயர் வெளியில் தெரிய வேண்டாம்.

இரண்டு, பெற்றோருக்கு. பிள்ளை வந்து சொன்னால் வேனை நிறுத்தாதீர்கள். சரி செய்யச் சொல்லுங்கள். வேனை நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது.

மூன்று, நமக்கு. பின்னால் தொங்கிக்கொண்டு வந்து இண்டிகேட்டரை உடைப்பது யார்? நாமதான்! அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வருமுன் காப்பது பற்றி வள்ளுவர் சொன்ன 435-ஆம் குறள் எல்லோருக்கும் மனப்பாடம். அது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று கவனித்தீர்களா? குற்றங்கடிதல். அதாவது நம் குற்றத்தை நாமே நீக்கிக்கொள்வது.

என்னோடு சண்டை போட்ட தோழிக்கு ஒன்று சொல்கிறேன். உங்க அப்பா கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்தால் தைரியமாக வெளியே சொல்லு. நான் முதலில் கை தட்டுவேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி