ரயிலுக்கு முன் கணக்கு வரட்டும்

பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் கனகா வழித்தடம் ராஜானுகுண்டேயில் தொடங்கி ஹீலலிகேயில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து ரயில் பாதையில் ஆனேக்கல் ரோடு நிலையத்தைத் தாண்டினால் ஓசூர் வந்துவிடும். ஓசூர் வரை நீட்டுங்கள் என்று எல்லையின் இரு பக்கமும் குரல் எழுகிறது. நீட்டினால் செலவை யார் ஏற்பது, வசூலை எப்படிப் பிரிப்பது என்பதற்கு இரு மாநிலங்களுக்கும் இடையே முடிவான ஒப்பந்தம் இல்லை. இதை இப்போதே செய்யத் தவறினால், பிறகு நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருக்கும்.

148 கி.மீ. நீளமுள்ள இத்திட்டத்தின் ஒப்புதல் பெற்ற மதிப்பு 15,767 கோடி ரூபாய். மத்திய அரசு 20 விழுக்காடு, கர்நாடகம் 20 விழுக்காடு, மீதி 60 விழுக்காடு கடன். திட்டத்தை நிறைவேற்றும் கே-ரைடு நிறுவனத்தில் கர்நாடகத்துக்கு 51, ரயில்வேக்கு 49 விழுக்காடு பங்கு. பையப்பனஹள்ளி–ஓசூர் இரட்டைப் பாதைக்கும் இவ்விருவரே பாதிக்குப் பாதி போடுகிறார்கள். எங்கள் கடனில் ஓடும் ரயிலை ஓசூருக்கு ஏன் விட வேண்டும் என்று கர்நாடகம் கேட்கலாம். பங்கே இல்லாத நிறுவனத்துக்கு எதற்குப் பணம் என்று தமிழ்நாடு கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே.

நடுவில் மாட்டிக்கொள்பவர் பயணி. காலை நேரத்தில் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் கம்பெனி வேன்களும் இரு மாநிலப் பேருந்துகளும் முட்டிமோதி நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அவர் பாடு தெரியும். ஓசூரில் சீசன் டிக்கெட் எடுத்து பெங்களூருவின் கார்மேலாரத்தில் இறங்குபவர் பணம் கட்டுவது தமிழ்நாட்டில், பயணம் செய்வது பெரும்பாலும் கர்நாடகத்தில். ஓசூர் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருப்பதால் இன்று எல்லாப் பணமும் ஒரே கல்லாவில் விழுகிறது. புறநகர் ரயில் வந்தால் அதே கட்டணம் கடனடைக்கும் பணமாகிவிடும். அப்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் உரிமை கேட்பார்கள்.

இதற்குப் பழைய பாடமும் உண்டு. 1864 ஆகஸ்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்டுக்கு மதராஸ் ரயில்வே கம்பெனி பாதை திறந்தபோது இன்றைய மாநில எல்லைகள் இல்லை. இன்று அப்பாதை தமிழ்நாடு, ஆந்திரத்தின் குப்பம், கர்நாடகம் என மூன்று மாநிலங்களைத் தொடுகிறது. அக்காலத்தில் கம்பெனிப் பங்குதாரர்களுக்கு 5 விழுக்காடு வரை வட்டி உறுதி செய்யப்பட்டது. வருமானம் குறைந்தால் இந்தியர் வரிப்பணம் ஈடுகட்டியது. லாபம் லண்டனுக்கு, நட்டம் நமக்கு. விதியை ஒருதலையாக எழுதினால் பேச முடியாதவன் தலையில்தான் சுமை விழும்.

டெல்லி–மீரட் விரைவு ரயிலுக்கான கூட்டு நிறுவனத்தில் மத்திய அரசுக்கு 50, நான்கு மாநிலங்களுக்குத் தலா 12.5 விழுக்காடு பங்கு. அப்படியிருந்தும் 2023இல் டெல்லி அரசு தன் பங்கைத் தராமல் இழுத்தடித்தது. விளம்பர நிதியை எடுத்துக் கொடுக்க வைப்போம் என்று உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டி வந்தது. எழுதி வைத்த இடத்திலேயே இந்த நிலை!

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நிலத்துக்கும் நிலையத்துக்கும் அவரவர் எல்லைக்குள் அவரவர் செலவிடட்டும். ஓட்டும் செலவை ரயில் ஓடிய தூரப்படியும், வசூலைப் பயணி சென்ற தூரப்படியும் பிரிக்கட்டும். டிக்கெட் விற்ற நிலையம் அளவுகோல் ஆகக் கூடாது. நட்டப் பங்குக்கு உச்சவரம்பு வேண்டும். கே-ரைடில் தமிழ்நாட்டுக்குப் பங்கும் இயக்குநர் பதவியும் வேண்டும். சிஏஜி தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

ஓசூர் நீட்டிப்புக்கு டெண்டர் விடுமுன் இரு முதலமைச்சர்களும் ரயில்வே அமைச்சரும் இவ்விதிகளைக் கொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 1924 காவிரி ஒப்பந்தத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லி இரு மாநிலங்களும் பட்ட பாடு போதும். தண்டவாளத்திலும் அப்படியொரு வழக்கைத் தொடங்கிவைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.