விடுகைப் பத்திரம் எடுக்க முன்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, அரியாலையில் எங்கள் ஒழுங்கைக்குள் இரண்டு வீடுகளில் ஒரே பேச்சு. உயர்தரத்துக்குப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது? இரண்டு பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருத்திக்கு இணைந்த கணிதம் படிக்க வேண்டும். மற்றவளுக்குத் தமிழும் புவியியலும். இரண்டு தாய்மாரும் விடுகைப் பத்திரம் எடுக்கத் தயாராக நின்றார்கள். நான் ஆசிரியை என்பதால் என்னிடமும் கேட்டார்கள். முதற்பிள்ளையின் தாயிடம் "எடுங்கோ" என்றேன். மற்றவளின் தாயிடம் "வேண்டாம்" என்றேன். அன்றிலிருந்து ஒரு வீட்டார் எனக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இதே கேள்வி எங்கள் கல்லூரியிலும் வருடாவருடம் எழுவதால் என் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் எல்லாப் பாடசாலையும் ஒன்றல்ல. விஞ்ஞானம், கணிதம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. வகை 2 பாடசாலைகள் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அந்தப் பிள்ளைகள் படித்தது 1சி பாடசாலை. அங்கே இணைந்த கணிதம் இல்லை. ஆகவே முதற்பிள்ளைக்கு அது தெரிவே அல்ல, மாறினால்தான் படிக்கலாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பஸ் நேரத்தைத் தவிர.

மற்றவளின் கதை வேறு. அவள் எடுக்கும் மூன்று பாடங்களும் அங்கேயே இருக்கின்றன. புவியியல் ரீச்சர் தேசப்படத்தைச் சுவரில் மாட்டினால் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள். ஆனால் தாய் சொல்லுகிறா: "ரவுணுக்குள்ள பெரிய பள்ளிக்கூடத்தில படிச்சவள் எண்டால் ஒரு மதிப்புத்தானே, ரீச்சர்." அந்த மதிப்பை நான் மறுக்கவில்லை. வேம்படிக்கும் சுண்டுக்குளிக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. பிள்ளை அங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் இப்போது நாம் பேசுவது பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி. 2001 முதல் அது இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியோர் பெற்ற சராசரியிலிருந்து உன் புள்ளி எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து, அதை நியம விலகலால் பிரித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். அந்தக் கணக்கில் பாடசாலையின் பெயருக்கு இடமில்லை.

மாவட்டத்துக்கு மட்டும் இடமுண்டு. 1974 இல் தொடங்கிய மாவட்டக் கோட்டா பலமுறை மாறி, இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று நிற்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் எங்கே மாறினாலும் இதில் எதுவும் கூடாது, குறையாது. இதை அறிந்த சில பெற்றோர் இன்னும் ஒருபடி மேலே போய், "கிளிநொச்சியில, முல்லைத்தீவில வெட்டுப்புள்ளி குறைவு, அங்க சேர்ப்பம்" என்கிறார்கள். முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தாள் என்பது பார்க்கப்படுவதால் அது நினைப்பது போல் இலகுவுமல்ல. இலகு என்றாலும் சொல்லுவேன்: ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாமல் படித்த ஒரு வன்னிப் பிள்ளைக்கென்று ஒதுக்கிய கதிரை அது. யாழ்ப்பாண ரியூசனில் ஊறிய பிள்ளை போய் அதில் இருப்பது கெட்டித்தனம் அல்ல.

ரியூசன் என்றதும் ஞாபகம் வருகிறது. "பள்ளிக்கூடம் மாத்திறம்" என்று சொல்லும் பலர் உண்மையில் மாற்றுவது பின்னேர வகுப்புக்குக் கிட்டவான ஓர் இடத்தைத்தான். அரியாலையிலிருந்து சைக்கிளிலேயே ரியூசனுக்குப் போய்வரலாமே. அதற்கு எதற்கு விடுகைப் பத்திரம்?

என் "வேண்டாம்" என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அதைத் தாயிடம் சொல்லவில்லை. கெட்டிக்காரர் ஒவ்வொருவராகப் போனால் ஊர்ப் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் பத்துப் பேர் ஏழாவார்கள், ஏழு பேர் நாலாவார்கள். பிறகு புவியியல் ரீச்சருக்கு இடமாற்றக் கடிதம் வரும். பஸ் காசு கொடுத்துப் போக வழியில்லாத பிள்ளைக்கு அன்றோடு அந்தப் பாடம் முடிந்தது. ஆனால் இந்தப் பாரத்தைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமா என்றும் எனக்குள் கேள்வி இருக்கிறது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் நான் காண்பது இதற்கு நேர்மாறான பிழை. கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை, உயிரியல் என்றால் உயிரை விடும் பிள்ளை, "அதுக்குக் கலவன் பாடசாலைக்கெல்லோ போகவேணும்" என்று வீட்டில் சொன்னதும் கிடைத்த பாடங்களை எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறாள். எங்கள் கல்லூரியை விட்டுப் போகவில்லை என்று நானும் மகிழலாம். மகிழ முடியவில்லை. தகப்பன்மாரின் பயம் எனக்கு விளங்காததல்ல. ஆனால் விரும்பாத பாடத்தில் ஒரு பிள்ளை மூன்று முறை பரீட்சை எழுதிக் களைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் போகத்தான் வேண்டும். விடுகைப் பத்திரத்தை நானே அதிபரிடம் கேட்டு வாங்கித் தருவேன்.

பள்ளிக்கூடம் மாறுவது என்னவென்று எங்கள் தாய்மாருக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கொப்பி புத்தகத்தையும் விட்டுப் போன பிள்ளைகள் பிறகு புத்தளத்தில் கொட்டில்களிலிருந்து படித்தார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் எங்கள் அரியாலை ஊடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நடந்தது. அந்தப் பிள்ளைகளும் போன இடத்துப் பள்ளிக்கூடங்களில் பின்னேர வகுப்புகளில் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமுமில்லை.

இன்று நேரம் இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு கிழமையில் தாய் கதைத்தா, பெரியம்மா கதைத்தா, நான் கதைத்தேன். புவியியல் விரும்பிய பிள்ளை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். நேற்று கிணற்றடியில் தனியாகக் கண்டு, "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ரவுணுக்குப் போனா எனக்கு ஒருதரையும் தெரியாது, ரீச்சர். ஆனா போகாட்டி அம்மா அழுவா" என்றாள்.

திங்கட்கிழமை தாய் அதிபரிடம் போகிறா. கதைக்காத கோபத்தை விட்டுவிட்டு, என்னையும் கூட வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.