ஒரு பூச்சிக்குப் பெயர் சூட்டிய கதை

வீட்டில் குழந்தை பிறந்தால் பெயருக்கு நாம் அதிகமாக அலைவதில்லை. பாட்டனார் பெயர் காத்திருக்கிறது. அல்லது குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால், ரோஜாச் செடியின் முள் அளவே உள்ள ஒரு பூச்சிக்கு, அது மனிதர் கையில் சிக்கிய பிறகும் பெயர் கிடைக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றால் நேயர்கள் வியப்படையலாம். அந்தப் பூச்சியோ இறந்து ஏறக்குறைய இரண்டு கோடி வருஷங்கள் ஆகின்றன!

வெட்டுக்கிளிகளில் குள்ள வெட்டுக்கிளிகள் என்று ஒரு குடும்பம் உண்டு. உலகெங்கும் சுமார் 2,000 இனங்கள் இதில் அடங்கும். நம் நாட்டிலும் ஈரமான வரப்புகளிலும் ஆற்றங்கரைகளிலும் இவற்றைக் காணலாம். மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் கண்ணில் படுவதில்லை. கழுத்தின் மேலுள்ள ஓடு பின்னோக்கி நீண்டு முதுகு முழுவதையும் கேடயம்போல் மூடியிருப்பதே இக்குடும்பத்தின் அடையாளம். மற்ற வெட்டுக்கிளிகளைப்போல் இவை ஒலி எழுப்புவதுமில்லை. கேட்பதற்குச் செவியும் இல்லை. பாசியையும் பூஞ்சையையும் மேய்ந்து, சந்தடியின்றி வாழ்ந்து முடிப்பவை.

நாம் சொல்ல வந்த பூச்சி வாழ்ந்த இடம், கரிபியன் கடலிலுள்ள டொமினிகன் குடியரசு. அங்கே முற்காலத்தில், நம் புளிய மரத்துக்குத் தூரத்து உறவான ஒருவகை மரம் காடாக வளர்ந்திருந்தது. அதன் பட்டையிலிருந்து வழிந்த பிசினில் எறும்பும் ஈயும் சிலந்தியும் ஒட்டிக்கொண்டன. மேலும் மேலும் வழிந்த பிசின் அவற்றை மூடிற்று. மண்ணில் புதைந்து காலப்போக்கில் கல்லாய் இறுகிற்று. அதைத்தான் ஆம்பர் என்கிறோம்.

அமெரிக்காவிலுள்ள இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் மில்டன் சாண்டர்ஸன் என்பவர், 1950-களின் இறுதியில் டொமினிகன் குடியரசிலிருந்து சுமார் 160 பவுண்டு ஆம்பரைச் சேகரித்து வந்தார். 1960-இல் அதிலிருந்த சில பூச்சிகளைப் பற்றி எழுதினார். மற்றவை சேமிப்பறையில் கிடந்தன. 2010-இல் ஸாம் ஹெட்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் அவற்றை வெளியே எடுத்தார்கள். மேற்புறம் மங்கிப்போன ஒவ்வொரு துண்டையும் அறுத்து, மெருகேற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தபோதுதான் இந்தக் குள்ள வெட்டுக்கிளி தென்பட்டது.

“பார்த்தாயிற்று, பெயர் வைத்துவிட வேண்டியதுதானே?” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேதான் சிரமம் ஆரம்பமாகிறது. 1758-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் பிராணிகளுக்கு நிலைபெறச் செய்த முறைப்படி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களில் பெயர். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும். நம் பெயருக்கு முன் தந்தை பெயரின் எழுத்து நிற்பதுபோல, ‘இது இன்னாருடைய உறவு’ என்பதை முதற்சொல்லே சொல்லிவிட வேண்டும். ஆகையால் பெயர் வைக்குமுன் உறவு தெரிய வேண்டும்.

இந்தப் பூச்சியின் முகத்தில் உள்ள மேடு, கவைக்கொம்புபோல ஆழமாக இரண்டாகப் பிளந்திருந்தது. ‘கிளாடோனோடினே’ என்ற கிளைக்குடும்பத்தின் முத்திரை அது. ஆனால் உடம்பைப் பார்த்தால் சிறிய மேல் இறக்கைகளும் பின் இறக்கைகளும் இருந்தன. அதுவரை அந்தக் கிளையில் இறக்கையுள்ளது எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. முகம் ஒரு வீட்டைக் காட்டுகிறது. முதுகு அதை மறுக்கிறது!

இந்நிலையில் இரண்டு தவறுகளுக்கு இடம் உண்டு. இறக்கையைக் காணாததுபோல் விட்டுவிட்டு, தெரிந்த பேரினம் ஒன்றில் பூச்சியைத் திணித்துவிடலாம். அல்லது, புதுமை கண்ட புகழுக்கு ஆசைப்பட்டு, முகத்தை மறந்து முற்றிலும் வேறான குடும்பம் என்று முரசறையலாம். ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் செய்யவில்லை. முகத்தின் சாட்சியை ஏற்று அதே கிளைக்குடும்பத்தில் வைத்தார்கள். இறக்கையின் சாட்சியை ஏற்றுப் புதிய பேரினம் வகுத்தார்கள். இன்று இறக்கையின்றித் திரியும் உறவினரின் முன்னோர்களுக்கு ஒரு காலத்தில் இறக்கை இருந்திருக்க வேண்டும், அவை சிறுகச் சிறுகக் குறைந்து மறைந்தன என்பதற்கு இச்சிறு பிராணி நடுவே நிற்கும் சாட்சி என்பது அவர்கள் கருத்து.

2014-ஆம் வருஷம் பெயர் வெளியாயிற்று: ‘எலெக்ட்ரோடெட்டிக்ஸ் அட்டன்பரோயி’. முதற்சொல்லில் ஆம்பருக்கும் வெட்டுக்கிளிக்கும் உரிய கிரேக்கச் சொற்கள் இணைந்திருக்கின்றன. இரண்டாவது, இயற்கையின் விந்தைகளைப் படம்பிடித்துக் காட்டிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் டேவிட் அட்டன்பரோவைக் குறிப்பது.

சாண்டர்ஸன் எல்லாத் துண்டுகளையும் ஆராய்ந்து முடிக்கவில்லை. ஆயினும் சேர்த்து வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள், இடத்தை அடைக்கிறதென்று அவற்றை எறிந்துவிடவில்லை. எறிந்திருந்தால் ஓர் இறக்கையின் வரலாறு குப்பையோடு போயிருக்கும். போயிற்று என்பதுகூட ஒருவருக்கும் தெரிந்திராது. நம் கல்லூரிகளிலும் காட்சிசாலைகளிலும் தூசி படிந்து நிற்கும் பீரோக்களைக் காணும்போது, நேயர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது விருப்பம்.