கடலடியிற் கட்டிய பட்டம்

துறைமுக வாயிலிலே கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவையைக் கண்டவர்கள், அதனைச் சங்கிலியாற் கட்டி நங்கூரமிட்டிருக்கிறார்கள் என்பதை எளிதில் உணர்ந்துகொள்வர். அங்கே ஆழம் சில பாகமே. ஆனால் கரையே தெரியாத நடுச்சமுத்திரத்தில், 5,000 மீற்றர் ஆழத்துக்கு மேலே, ஒரு மிதவை ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் அதனைக் கட்டி வைத்திருப்பது யாது? நமது பீதுருதாலகாலை மலை 2,524 மீற்றர் உயரமுடையது. அத்தகைய இரு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவ்விடத்தில் வைத்தாலும் உச்சி நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும்!

இக்கேள்வி நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அருகே பிறந்த சுனாமி அலை நமது கீழ்க்கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. முன்னரே அறிந்திருந்தால் மேட்டுநிலம் சென்று உயிர் பிழைக்க அந்நேரம் போதும். ஆயினும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இந்நாடு இழந்தது. அலையை இடைவழியிற் கண்டு சொல்ல இந்து சமுத்திரத்தில் அன்று ஒரு சுனாமி மிதவைதானும் இருக்கவில்லை. 2006 டிசெம்பரில்தான் அமெரிக்காவும் தாய்லாந்தும் சேர்ந்து, இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் அத்தகைய மிதவையொன்றை நிறுத்தின.

உண்மையில் அலையை உணர்வது மிதவையன்று. அதற்குக் கீழே கடற்றரையில் வைக்கப்பட்டிருக்கும் அமுக்கமானியே. 6,000 மீற்றர் ஆழத்திற் கிடந்தாலும், மேலே கடல்மட்டம் ஒரு மில்லிமீற்றர் உயர்வதை அது அறிந்துவிடும். ஆனால் வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்லமாட்டா. ஆகவே அது தன் செய்தியை ஒலியலையாக மேலே அனுப்ப, மிதவை அதனைக் கேட்டுச் செய்மதிக்குச் சொல்லும். மிதவை நெடுந்தூரம் விலகிவிட்டாலோ, கீழிருந்து வரும் குரல் அதன் செவிக்கு எட்டாது. எனவே இந்த ஏற்பாடு முழுவதற்கும் உயிர்நாடி ஒரு கயிறேயாகும்.

பலமான இரும்புச் சங்கிலியாற் கட்டினால் என்ன என்று மாணவர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பெருவிரற் பருமனுள்ள சங்கிலி மீற்றருக்கு ஏறக்குறைய 8 கிலோகிராம் நிறையுடையது. 5,000 மீற்றருக்கு 40 தொன்! நீரினுள் எடை சற்றுக் குறையுமாயினும், எஞ்சும் பாரமே மிதவையைக் கடலுள் இழுத்துவிடும். கட்டுகின்ற பொருளே கட்டப்பட்டதை மூழ்கடிக்கும் நிலை இது.

இச்சிக்கலைத் தீர்த்தது நைலோன் கயிறு. அது நீரைவிடச் சிறிதளவே பாரமானது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். பேரலை மிதவையைத் தூக்கும்போது கயிறு நீண்டுகொடுக்கிறது. அலை தணிந்ததும் தன் நிலைக்கு மீள்கிறது. காற்று வீறிடும்போது பட்டத்து நூலை இளக்கிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கு இத்தத்துவம் புதிதன்று. விறைத்துப் பிடித்தால் நூல் அறும்.

கட்டும் முறைகள் இரண்டு. ஒன்று இறுக்கிக் கட்டுதல். எல் நினோவை ஆராய்வதற்காகப் பசிபிக் சமுத்திரத்திற் பூமத்திய ரேகையை ஒட்டி 1994இல் நிறைவுசெய்யப்பட்ட ஏறக்குறைய 70 மிதவைகளிற் பலவற்றுக்குக் கயிற்றின் நீளம் கடலின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவு! குறை நீளத்தைக் கயிறு தானே நீண்டு நிறைவுசெய்கிறது. மற்றையது தளர்த்திக் கட்டுதல். நீரோட்டம் கடுமையான இடங்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் மிகைக்கயிறு மேலே மிதந்தாற் கப்பற் சுழலியிற் சிக்கும். கீழே கிடந்தால் தரையில் உராய்ந்து தேயும். ஆகவே மேற்பாதியில் அமிழும் நைலோனையும் கீழ்ப்பாதியில் மிதக்கும் பொலிபுரொப்பிலீனையும் இணைக்கின்றனர். மேலது தாழ, கீழது உயர, மிகைக்கயிறு நடுநீரில் வளைந்து நிற்கிறது.

நங்கூரமாக விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. கழிக்கப்பட்ட புகையிரதச் சில்லுகளை அடுக்கிக் கட்டியே பல மிதவைகளை நிறுத்தியிருக்கின்றனர். இறக்கும் முறையும் விநோதமானது: முதலில் மிதவையை நீரில் விடுகின்றனர். கப்பல் மெல்ல முன்செல்ல, கிலோமீற்றர்க் கணக்கான கயிறு பின்னே நீள்கிறது. நங்கூரத்தை இறுதியிலேயே தள்ளுவர். அது தரையைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரமாகலாம். மீட்கும் காலத்தில், கப்பலிலிருந்து குறித்த ஒலிக்குறியை அனுப்பினால் நங்கூரத்துக்கு மேலுள்ள கொளுவி திறந்துகொள்ளும். நங்கூரம் அங்கேயே கிடக்க, ஏனையவற்றைக் கப்பலில் ஏற்றுவர்.

இத்தகைய கயிற்றுக்குப் பகைவர் யாவர்? மீன்கள் அதனைக் கடிப்பதுண்டு; அறுந்த கயிறுகளில் மீன்பற்களின் துணுக்குகளையே கண்டிருக்கின்றனர். அதனாற்றான் பசிபிக் மிதவைகளில் மேலே ஏறக்குறைய 500 மீற்றருக்கு உருக்குக் கம்பிவடத்தைப் பயன்படுத்தினர். ஆயினும் மீனின் பல்லிலும் கொடியது மனிதனின் கை. மிதக்கும் பொருளின் கீழ் மீன்கள் கூடும். அதை நாடிவரும் படகுகள் மிதவையிலே கட்டப்படுகின்றன. வலைகள் கயிற்றிற் சிக்குகின்றன. சிக்கிய வலையைக் காப்பாற்றக் கயிறு வெட்டப்படுகிறது. கருவிகளும் மின்கலங்களும் களவுபோவதுமுண்டு. இந்தோனேசியாவின் 22 சுனாமி மிதவைகளில் ஒன்றேனும் 2012 முதல் இயங்கவில்லை என 2018இல் அந்நாட்டு அதிகாரிகள் கூறினர். சேதப்படுத்தலும் பராமரிக்கப் பணமின்மையும் அதற்குக் காரணங்களாயின.

வலையிழந்த மீனவனின் துயரை நாம் அறியாதவரல்லர். ஒரு வலை ஒரு குடும்பத்தின் சோறு. எனினும் 2004இல் அலை முதலிற் கொண்டுசென்றது கரையோரத்து மீனவரின் வீடுகளையும் பிள்ளைகளையுமே அல்லவா? நடுக்கடலிலே தனித்து நிற்கும் அந்த மிதவை அவர்களுக்காகவே விழித்திருக்கிறது. இதனை வாசிக்கும் மாணவர்களில் கடற்றொழிற் குடும்பத்தவர் இருப்பின், இன்றிரவு வீட்டிலே தந்தையாரிடமும் அண்ணன்மாரிடமும் ஒரு சொற் சொல்லுங்கள்: அவ்வகை மிதவையைக் கண்டால் வள்ளத்தை அதிற் கட்டாது, வலையை அதற்கு எட்டவே வீசுங்கள் என்று.