பாசறையும் மனையும்

போர் என்றவுடன் வாளும் வேலும் வெற்றி முரசும் நம் நினைவுக்கு வருகின்றன. வாயிலை நோக்கியிருக்கும் கண்கள் வருவதில்லை. களத்தில் நிற்பவனைப் போலவே மனையில் இருப்போரும் ஒரு போரை நடத்துகின்றனர். அதன் பெயர் காத்திருத்தல்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். முல்லைப்பாட்டிலே தலைவன் பாசறையில் இருக்கிறான், தலைவி தனித்திருக்கிறாள். மாலைப் பொழுதில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி ஆறுதல் கூறுவது அவர்கள் செவியில் விழுகிறது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். கன்றுக்குச் சொன்ன சொல்லைப் பற்றிக்கொள்ள நேர்ந்தது ஏன்? பாசறையிலிருந்து செய்தி வாராமையால் அன்றோ!

பிற்காலத்து அரசுகள் இதற்கு வழி கண்டன. முதல் உலகப் போரில், 1914, 1915-ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டில் போரிட்ட இந்திய வீரருள் எழுத்தறியாதார் பலர். அவர்கள் பிறரைக்கொண்டு கடிதம் எழுதுவித்தனர். தணிக்கையாளர் அவற்றைப் படித்தனர். ஆயினும் கடிதப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், கடிதங்களைச் சிறு படச்சுருளில் பிடித்து விமானத்தில் அனுப்பும் 'எயார்கிராப்' முறை தொடங்கிற்று. 50 இறாத்தல் நிறையுள்ள 1,600 கடிதங்கள் ஏறத்தாழ 5 அவுன்சுச் சுருளில் அடங்கின. அப்போரின்போது எங்கள் ஆலங்குடாவிலிருந்து களப்புக்கு அப்பால், புத்தளத்திலும் இராசாளியின் பெயர் பூண்ட பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் ஒன்று இருந்தது. வீட்டுச் செய்தி அறியாத வீரன் உளஞ்சோர்வான் என்பதை அவ்வரசு அறிந்திருந்தது.

1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, பகைவரிடம் சிறைப்பட்ட வீரனுக்கும் இவ்வுரிமையை வழங்குகிறது. முகாமை அடைந்த ஒரு கிழமைக்குள் அவன் தன் வீட்டாருக்கு அட்டை எழுதலாம். பின்னர் மாதந்தோறும் 2 கடிதங்களும் 4 அட்டைகளுமாவது எழுத இடமளிக்க வேண்டும். பகைவனே இவ்வளவு செய்யக் கடமைப்பட்டிருக்க, சொந்த அரசு வாளாவிருத்தல் முறையாகுமா?

நம் தீவில் 2009-இல் போர் முடிந்தது. காணாமற்போனோரைத் தேடுவதற்கென 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஓர் அலுவலகமும் அமைந்தது. களத்தில் காணாமற்போன படையினரும் அச்சட்டத்துள் அடங்குவர். ஆயினும், குடிமக்களைப் பறிகொடுத்தோர், படையினரைப் பறிகொடுத்தோர் ஆகிய இருசாராருள்ளும் விடை பெறாதார் பலர்.

கடலுக்குச் சென்றவன் குறித்த பொழுதில் மீளாவிடின், எங்கள் கரையிலே உற்றார் திரண்டு நிற்பர். ஓர் இரவுக் காத்திருப்பே அத்துணைக் கொடிது! ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர்க்கு உதவிப்பணம் மட்டும் போதாது. அவன் இறுதியாக எந்நாளில், எவ்விடத்தில், எந்நிலையில் இருந்தான் என்பதை அறிந்த அளவேனும் எழுத்தில் தருதல் வேண்டும். மகனைப் படையிற் சேர்த்தபோது கையொப்பம் வாங்கிய அரசு, அவன் என்ன ஆனான் என்பதையும் கையொப்பமிட்டுக் கூறக் கடமைப்பட்டது.