குச்சிக்கிழங்கும் ரசாயனப் படிப்பும்

தம்மம்பட்டி வட்டாரத்துக் குடியானவர் வீட்டுப் பையன் பி.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறான் என்றால், “இதைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?” என்றுதான் ஊரில் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காட்டை அடமானம் வைத்துப் படிக்க வைப்பவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் பையனின் மனசில் வேறொரு கேள்வி இருக்கிறது. “நான் ஆராய்ச்சி செய்ய முடியுமா?” இதற்கு யார் பதில் சொல்வது?

ஆராய்ச்சி என்பது எங்கோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அது நம் காட்டிலேயே கிடக்கிறது. நாம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியைச் சேகோ ஆலைக்கு ஏற்றுகிறோம். மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ கணக்கில்தான் விலை. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே கிழங்கை வெளியில் ஒரு தடவையும், தண்ணீரில் அமிழ்த்தி ஒரு தடவையும் நிறுத்தால், அந்த வித்தியாசத்திலிருந்து சத்தைக் கணக்கிட்டு விடலாம். கல்லூரிப் பையனுக்கு இது எளிய பாடம். ஆனால் தராசு யார் கையில் இருக்கிறது? வாங்குகிறவர் கையில்! பாயிண்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று விவசாயிகள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். ஆலைக்காரர்களுக்கு 1981 முதல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விளைவிப்பவன் பக்கம் நின்று அளந்து சொல்லும் ரசாயன நிபுணன் எங்கே?

இன்னொன்று. கிழங்கை அரைக்கும்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் வெளிப்படுகிறது. கழுவும் தண்ணீரோடு அதில் ஒரு பங்கு போகிறது. அந்தக் கழிவு நீரைச் சுத்தம் செய்வதும், அதிலிருந்து எரிவாயு எடுப்பதும் ரசாயனம் படித்தவன் வேலைதானே?

குளித்தலையில் 1900ல் பிறந்தவர் டி.ஆர். சேஷாத்ரி. சென்னை மாகாண சர்க்காரின் உபகாரச் சம்பளத்தில் மான்செஸ்டர் சென்று படித்தார். செடிகொடிகளிலுள்ள நிறப்பொருள்களை ஆராய்ந்தே பெயர் பெற்றார். 1960ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பொதுப் பணம் ஒரு விஞ்ஞானியை உண்டாக்கியது!

இன்றும் வழி இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்து, ‘நெட்’ தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், 2023 முதல் மாதம் ரூ. 37,000. இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 2019 ஜனவரியில் டில்லியில் ஆராய்ச்சி மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். அந்த மாதமே 25,000 ரூபாய் 31,000 ஆயிற்று. ஆனால் இடங்கள் எத்தனை? 2020-21ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசிய உற்பத்தியில் 0.64 சதவிகிதம்தான். வாசலை இவ்வளவு குறுக்கி வைத்துவிட்டு, கிராமத்துப் பையனுக்குத் திறமை போதாது என்பது என்ன நியாயம்?

கிழங்கு விளையும் தாலுகாதோறும் சர்க்கார் பரிசோதனை நிலையம் வேண்டும். அதில் நம் வட்டாரத்து ரசாயனப் பட்டதாரிகளுக்கு நிரந்தர வேலை வேண்டும். ஆராய்ச்சி இடங்களும் உதவித்தொகைகளும் பெருக வேண்டும். விவசாயியும் மாணவனும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை. பையனின் ஆசை நிறைவேறினால், அப்பனின் கிழங்குக்கும் சரியான பாயிண்ட் கிடைக்கும்.