றவுட்டரை இரண்டாவதாக வாங்குங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞன் வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தான். வலிகாமம் வடக்கில் தோட்டக்காணி வைத்திருந்த குடும்பம். 1990 இல் தகப்பனார் வெங்காயம் கிண்டாமலே காணியை விட்டு வந்தவர். மகன் பிறந்தது முகாமில். படிவத்தில் “கோரப்படும் உபகரணம்” என்ற இடத்தில் “றவுட்டர்” என்று எழுதியிருந்தான். இந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் இணைய இணைப்புப் பெட்டிதானே நினைவுக்கு வருகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“இல்லை மாஸ்ரர், மரவேலை மெஷின். கதவுக்கு ஓரம் அடிக்கிறது, டிசைன் போடுறது.”

“உளி இருக்கோ தம்பி?”

“இனித்தான் வாங்கோணும்.”

அந்தப் பதில்தான் இதனை எழுதத் தூண்டியது. இயந்திரமே வேண்டாம் என்று சொல்கின்ற ஆள் அல்ல நான். றவுட்டர் நல்ல கருவி. அடியில் ஒரு தட்டையான தளம், நடுவிலே நிமிடத்துக்கு 10,000 தொடக்கம் 30,000 தடவை வரை சுற்றும் ஒரு பிட், பிடிப்பதற்குக் கைபிடி. அவ்வளவுதான். ஆனால் கதவின் பிணைச்சல் இருக்கும் குழி, யன்னற் கண்ணாடி இருக்கும் படி, பலகை செருகும் தவாளிப்பு, மேசை ஓரத்தின் வளைவு ஆகிய எல்லாவற்றையும் இது ஒன்றே செய்யும். உளியால் அரை மணித்தியாலம் எடுக்கின்ற பிணைச்சற் குழியை, பழகிய கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

வேலையும் இல்லாமல் இல்லை. யுத்தம் முடிந்தபின் கட்டப்பட்ட வீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்திய அரசின் உதவித் திட்டத்தில் மட்டும் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. அந்தப் பணத்துக்குள் அத்திவாரமும் சுவரும் கூரையும் முடித்த பிறகு, கதவுக்கும் யன்னலுக்கும் எதை மிச்சம் பிடிக்க முடிந்திருக்கும்? பலர் காயாத பச்சை மரத்திலேயே நிலையும் கதவும் போட்டார்கள். அவை இன்று மாரியில் இறுகித் திறபடாமலும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு நீக்கல் விட்டும் நிற்கின்றன. அவற்றைத் திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் ஊருக்குள்ளேயே கை தேவைப்படுகிறது. காணியில்லாத கமக்காரனுக்கும், பெரும்போகம் முடிந்து கூலிவேலையும் இல்லாமல் இருக்கின்ற குடும்பத்துக்கும் இது பொருத்தமான தொழில். கலப்பைக்கு மேழியும் மண்வெட்டிக்குப் பிடியும் செய்து பழகிய கைக்கு மரம் புதிதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் நீரிறைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்கள் உழவு இயந்திரத்தைக் கைவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் உளியும் சீவுளியும் ஒரு சாக்குக்குள் அடங்கும். சிறிய றவுட்டரும் நான்கு பிட்டும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கும். இரவற் காணியில், தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டும் செய்யலாம். காணி திரும்பக் கிடைத்தால் அங்கும் கொண்டு போகலாம்.

அப்படியானால் ஏன் தடுக்கிறேன்?

சில வருடங்களுக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் கண்டதைச் சொல்கிறேன். உதவித் திட்டம் ஒன்றில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே மாதிரியான றவுட்டர் ஆறு கொடுத்திருந்தார்கள். பயிற்சி அரை நாள். இயந்திரத்தின் கொலெற், அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி, கால் அங்குலத்துக்கானது. கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீற்றர். பயனாளி ஒருவர் பட்டினத்துக் கடையில் மலிவாக வாங்கிய பிட்டின் தண்டோ 6 மில்லிமீற்றர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்பனரால் நெரித்து இறுக்கினால் பிடித்ததுபோலத்தான் இருக்கும். வெட்டத் தொடங்கியதும் பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தேக்கு யன்னல் நிலையொன்றில் பெரும் பள்ளம் தோண்டிவிட்டுத் தெறித்தது. ஆளுக்குக் காயமில்லை. ஆனால் நிலை வாடிக்கையாளருடையது. அதற்குரிய பணத்தைக் கட்ட அவர் பட்ட கடன் றவுட்டரின் விலையிலும் கூட. அதன்பின் அந்த இயந்திரம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மற்ற ஐந்தில் மூன்று அடைவு வைக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

யாருடைய பிழை என்று விசாரிப்பதில் பயனில்லை. கருவி கொடுப்பது சுலபம், கை பழக்குவது நாட்பட்ட வேலை. எங்கள் திட்டங்கள் சுலபமானதைச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே முதலில் வாங்க வேண்டியவை கைவாள், மூலைமட்டம், அகலம் வேறுபட்ட மூன்று நான்கு உளிகள், ஒரு சீவுளி, சாணைக்கல், நான்கு கிளாம்ப். இவற்றால் ஒரு ஸ்ரூலைச் செம்மையாகச் செய்யத் தெரியாதவருக்கு றவுட்டர் பிழையை விரைவாகச் செய்யத்தான் உதவும். அதற்குக் கோடு கீறத் தெரியாது. நேரான பலகைக்கும் வளைந்த பலகைக்கும் வேறுபாடு தெரியாது. நீங்கள் காட்டிய வழியே போகும். பலகை வளைந்திருந்தால் தவாளிப்பும் வளையும்.

பழைய தச்சர்கள் மின்சாரம் இல்லாமலே இந்த வேலையைச் செய்தார்கள். உள்ளங்கை அளவான வைரக்கட்டையில் சாய்வாக ஒரு துளை போட்டு, அதற்குள் உளியை நுழைத்து ஆப்பு வைத்து இறுக்குவார்கள். உளி நுனி கட்டையின் அடியிலிருந்து 3 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். பிணைச்சற் குழியின் பெரும்பகுதியை உளியால் எடுத்தபின் இந்தக் கட்டையை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளினால் குழியின் அடி எங்கும் ஒரே ஆழத்துக்கு வரும். செலவு ஒரு கட்டைத் துண்டு. இதில் பத்துக் குழி எடுத்தவருக்கு, றவுட்டர் என்ன செய்கிறது என்பதைக் கற்பிக்க வேண்டியிராது.

இனி, வாங்கும் காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் இரண்டு வகை. ஒன்று ஏறக்குறைய 700 வாற்று வலுவுள்ள சிறியது. கைக்குள் அடங்கும். 6 மில்லிமீற்றர் அல்லது கால் அங்குலத் தண்டை எடுக்கும். மற்றது அரை அங்குலத் தண்டை எடுக்கும் பெரியது. இரண்டு கைபிடிகளைப் பிடித்து அமுக்கிப் பிட்டைக் கீழே இறக்கும் வகை, வலு 1,500 வாற்றுக்கு மேல் போகும். கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார். முதல் வருடத்துக்குச் சிறியதே போதும் என்பது என் எண்ணம். பிணைச்சல், ஓரம், ஆழம் குறைந்த தவாளிப்பு எல்லாம் அதில் வரும். பாரம் குறைவு என்பதால் பெண்களும் இலகுவாகக் கையாளலாம். தச்சுப் பயிற்சி என்றால் ஆண்களின் பெயரை மட்டும் எழுதும் வழக்கத்தைக் குடும்பத் தலைவிகள் இத்தனை பேர் இருக்கின்ற மாவட்டங்களில் இன்னும் ஏன் விடாமல் வைத்திருக்கிறோமோ தெரியாது.

பிட் வாங்கும்போது ஐம்பது அடங்கிய மினுங்கும் பெட்டியில் மயங்க வேண்டாம். 12 மில்லிமீற்றர் நேர் பிட், ஓரத்தை வளைக்கும் பிட், கண்ணாடிப் படி வெட்டும் பிட், அச்சுப் பலகையைத் தடவிச் செல்லும் பெயாரிங் உள்ள பிட் என்ற நான்கும் போதும். நுனியில் காபைட் வைத்தவையாக இருக்கட்டும். எங்கள் பாலையும் முதிரையும் சாதாரண உருக்குப் பிட்டை ஒரு காலையில் மழுங்கடித்துவிடும். பனை வேறொரு கதை. அதன் வெளிவைரம் நார் நாராகப் பிளந்து சிராயாகத் தெறிக்கும். பழகும் வரை பனஞ்சலாகையில் றவுட்டரை வைக்காதீர்கள். மரம் எதுவாயினும் தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திர விதிகள் உண்டு. பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிட்டைப் பூட்டுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் போதாது. தண்டு கொலெற்றின் அதே அளவா என்று எழுத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தண்டை அடிவரை நுழைத்து, பின்னர் 2 அல்லது 3 மில்லிமீற்றர் மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் பிடி சரியாக விழாது.

முதல் வேலை கழிவுப் பலகையில். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே நேரான சட்டமொன்றை வழிகாட்டியாகப் பூட்டுங்கள். சட்டத்தை எவ்வளவு தள்ளி வைப்பது? றவுட்டரின் தளம் வட்டமாய் 90 மில்லிமீற்றர் அகலம், பிட் 12 மில்லிமீற்றர் என்றால், 90 இல் 12 ஐக் கழித்து இரண்டால் பிரியுங்கள். 39. தவாளிப்பின் சட்டம் இருக்கும் பக்கத்து ஓரக் கோட்டிலிருந்து 39 மில்லிமீற்றர் தள்ளிச் சட்டம் வரவேண்டும். உங்களை விட்டு முன்னோக்கித் தள்ளுகிறீர்கள் என்றால் சட்டம் இடப்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் பிட் மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுற்றுகிறது. அதன் இழுவை றவுட்டரை இடப்பக்கம் சாய்க்கும், சட்டம் தாங்கிக்கொள்ளும். வலப்பக்கம் வைத்தால் சட்டத்தை விட்டு விலகி ஓடும்.

பலகையின் வெளி ஓரத்தை வெட்டும்போதும் இதே நியாயம்தான். ஓரம் உங்கள் பக்கம் இருந்தால் இடமிருந்து வலம் செல்லுங்கள். பலகையைச் சுற்றி வருவதானால் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசை. சட்டகத்தின் உள் ஓரமானால் மணிக்கூட்டுத் திசை. மாறிப் போனால் பிட் மரத்தைக் கடித்து, உருளும் சில்லுப்போல இயந்திரத்தை இழுத்துக்கொண்டு ஓடும். நான் பார்த்த விரற் காயங்களில் அநேகமானவை இந்த ஒரு பிழையால் வந்தவை. நாலு பக்கமும் வெட்டுவதானால் நார் முடிகின்ற குறுக்கு முனைகளை முதலில் வெட்டுங்கள். மூலையில் சிறிது பிய்ந்தாலும் நெடுக்கு ஓரத்தை வெட்டும்போது அது போய்விடும்.

12 மில்லிமீற்றர் ஆழம் வேண்டுமானால் ஒரே தடவையில் இறக்காதீர்கள். மூன்று மூன்றாக நான்கு தடவை. சத்தத்தைக் கேளுங்கள். மோட்டர் முனகினால் ஆழம் கூட. மரம் கருகினால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் ஒரே இடத்தில் தாமதிக்கிறீர்கள்.

உடை விடயத்தில் ஒரு வார்த்தை. சால்வை, தொங்கும் முந்தானை, கட்டாத கூந்தல், தளர்ந்த சாரம் எதுவும் இதன் அருகே ஆகாது. கண்ணாடி அணியாமல் சுவிச்சைத் தொடாதீர்கள். காதுக்கும் அடைப்பான் வேண்டும். மரத்தூளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும். மூக்கு மூடி அணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், சிறுபிள்ளைகளும் சமையலும் இல்லாத பக்கத்தில் வேலை செய்யுங்கள். ஓரறைக் கொட்டிலில் குடும்பமே படுத்துறங்கும் இடத்தில் இதனை ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

மின்சாரம் இல்லாத இடங்களில் ஜெனரேற்றர் என்பார்கள். 700 வாற்று மோட்டர் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஒரு கிலோவாற்று ஜெனரேற்றர் திணறும், இரண்டு கிலோவாற்று தாங்கும். எரிபொருட் செலவைக் கூலியில் சேர்க்க மறந்தால் இலாபம் எல்லாம் புகையாய்ப் போய்விடும். விளக்கெரிக்கும் சிறிய சூரியத் தகட்டை நம்பி வாங்கவே வேண்டாம்.

உதவி வழங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு குடும்பத்துக்கு ஆறு றவுட்டர் கொடுப்பதை விட, ஆறு குடும்பத்துக்கும் நல்ல கைக்கருவித் தொகுதியும், பொதுவில் இரண்டு றவுட்டரும், அவற்றுக்கான பிட்டும் கண்ணாடியும், ஒரு தச்சரின் மூன்று மாதச் சம்பளமும் கொடுங்கள். செலவு பெரிதாய்க் கூடாது. பொதுக் கருவி பராமரிப்பில்லாமல் கெடும் என்பது உண்மைதான். பொறுப்பானவர் பெயரையும் வாடகையையும் முதல் நாளே கொப்பியில் எழுதினால் அதற்கும் வழியுண்டு. நெல்லடிக்கும் மெஷினைக் கூட்டாக வைத்திருந்த கிராமங்கள் எங்களிடம் இருந்தன.

அந்த இளைஞன் இருந்து கேட்டான். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. பிறகு, பக்கத்து வளவில் இருவர் இதே உதவிக்கு எழுதுகிறார்கள், மூவரும் சேர்ந்து ஒரு றவுட்டர் கேட்கலாமோ என்று அவனே கேட்டான். “றவுட்டர்” என்பதை வெட்டிவிட்டு உளி, சீவுளி, கைவாள், சாணைக்கல், கிளாம்ப் என்று எழுதத் தொடங்கினோம். படிவத்தில் அதற்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.